பத்துப் பாகை முக்கோணம்

இலங்கையில் சண்டை முடிந்த மறுவருடம், பாரிஸில் எங்கள் வகுப்பு ஆசிரியர் ஒரு மாதம் முழுவதும் சூரிய மணிக்கூட்டைப் பற்றியே பேசினார். பற்றரி இல்லாமல், ஒரு நிழலை மட்டும் வைத்து மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருடங்கள் நேரம் பார்த்தார்கள் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் தெருவுக்குச் சூரியன் வருவதே எப்போதாவதுதான்.

மணிக் கோடுகள் அச்சடித்த தாள் ஒன்றை ஒவ்வொருவருக்கும் தந்தார். அதை அட்டையில் ஒட்டி, நடுவில் நிற்கும் முக்கோணத்தை நாங்களே வெட்டிக்கொண்டு வர வேண்டும். முக்கோணத்தின் சாய்வு எங்கள் இடத்தின் அகலக்கோட்டுக்கு, அதாவது அட்சரேகைக்கு, சமமாக இருக்க வேண்டும். அது எத்தனை பாகை என்று வீட்டில் கேட்டு வாருங்கள் என்றார். சரியாக நேரம் காட்டுபவற்றைப் பள்ளி முற்றத்தில் பெயரோடு வைப்பார்களாம். வகுப்பில் வாயே திறக்காத எனக்கு, பேசாமல் பெயர் வாங்க அது ஒன்றுதான் வழி.

அப்போது அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். லா சப்பல் பகுதியில் மெத்ரோ ரயில் ஜன்னலுக்கு நேரே ஓடும் எங்கள் சிறிய ஹோலில்தான் அவர் படுக்கை. ரயில் போகும்போதெல்லாம் அலுமாரியில் கோப்பைகள் மெல்லக் கிலுங்கும். அந்தச் சத்தம் இப்போது தேடினாலும் கிடைக்காது.

மாமாவின் அகதி விண்ணப்பத்தை ஒருமுறை மறுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்று அவர் சொன்னதை நம்ப முடியவில்லையாம். இரண்டாவது விசாரணையிலும் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அப்பா ரூ பெர்தொனே தெருவில் கடை வேலை முடிந்து வந்ததும், கதிரையை இழுத்துப் போட்டு அதிகாரியாகிவிடுவார். ஊர் வீட்டிலிருந்து கோயில் எந்தப் பக்கம், சந்தைக்கு எது வழி என்று கேட்பார். மாமா கண்ணை மூடி, மனதுக்குள் நடந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“மச்சான், யோசியாதை. யோசிச்சால் பொய் எண்டு நினைப்பாங்கள்.”

“வீட்டுக்குப் போற வழியை ஆர் அத்தான் வாயால சொல்லிப் பழகினது?”

அதிகாரிக்குத் தேத்தண்ணி வேணுமோ என்று அம்மா குசினியிலிருந்து கேட்பார்.

அப்படியொரு மாலையில்தான் நான் தாளோடு நடுவில் போய் நின்றேன். எங்கட இடத்தின்ரை அகலக்கோடு எத்தினை பாகை என்று கேட்டேன். மாமா இம்முறை யோசிக்கவேயில்லை.

“வடக்குக்குப் பத்து.”

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது. இப்படித்தான் பதில் வர வேண்டும் என்று அப்பா கைதட்டினார். ஒருவருக்கும் வேறு நினைப்பு வரவில்லை. அப்பா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த மாம்பழப் பெட்டியின் அட்டையில் பாகைமானி வைத்து அளந்து, படுத்துக் கிடப்பதுபோல ஒரு முக்கோணத்தை மாமா வெட்டி ஒட்டித் தந்தார்.

மறுநாள் நல்ல வெயில். எல்லாவற்றையும் முற்றத்தில் வடக்குப் பார்க்க வைத்தோம். பள்ளி மணிக்கூட்டில் பன்னிரண்டாகப் போனது. கோடைகாலத்தில் பிரான்சின் மணிக்கூடுகள் சூரியனுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் முன்னே ஓடும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அதன்படி மற்றவர்களுடைய நிழலெல்லாம் பத்தில் விழுந்தது. என்னுடையது பதினொன்றரையில் நின்றது. பின்னேரம் அவை இரண்டுக்குப் போய்விட்டன. என்னுடையது பன்னிரண்டரையில் சோம்பிக் கிடந்தது. உங்கள் வீட்டில் நாள் முழுக்கச் சாப்பாட்டு நேரமா என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது.

ஆசிரியர் சிரிக்கவில்லை. முக்கோணத்தை அளந்தார். அதன் சாய்ந்த ஓரம் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பாரிஸில் அந்த நட்சத்திரம் நாற்பத்தொன்பது பாகை உயரத்தில் நிற்கிறது. தெற்கே போகப் போகத் தாழ்ந்துகொண்டே போகும். உலக உருண்டையில் பத்துப் பாகைக் கோட்டில் விரலை ஓட்டி, இலங்கையின் உச்சியில், யாழ்ப்பாணப் பக்கமாக நிறுத்தினார். இதை வெட்டியவர் இந்த இடத்துக்காரர், அங்கே கோடுகளையும் மாற்றிப் போட்டால் இந்த முக்கோணம் சரியாக நேரம் காட்டும் என்றார். ஆனாலும் முற்றத்தில் வைக்க முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதை மாமாவின் படுக்கையில் எறிந்து, பிரெஞ்சில் ஏசினேன். அவருக்கு விளங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. சாப்பாட்டு நேரக் கதைக்கு அப்பா சிரித்தார். மாமா கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார்.

“வெட்டினவர் அந்த இடத்துக்காரர் எண்டு அவர் தானாச் சொன்னவரோ? நீ ஒண்டும் சொல்லேல்லையோ?”

“ஓம். நான் வாயே திறக்கேல்லை.”

அப்பா சிரிப்பை நிறுத்தினார். மாமா அந்த அட்டையை எடுத்து, மடங்கிய மூலையை நிமிர்த்தி, மடியில் வைத்துக்கொண்டார்.

“அவர் அதை ஒரு பேப்பரில எழுதித் தருவாரோ, பிள்ளை?”

என் கண்ணீர் இன்னும் காயவில்லை; இவருக்குப் பாராட்டுப் பத்திரம் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு வளர்ந்த ஒருவருக்குக்கூட ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை இருக்குமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.