மீட்டர் ஓடாத பள்ளிக்கூடம்

புவனேஸ்வரி அக்காவுக்கு ஸ்விட்சைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாண மண்டபமோ டாக்டர் கிளினிக்கோ, எங்கே போனாலும் ஒரு விளக்கையாவது அணைத்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வார். பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில் பிறந்தவர். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கும்போது அந்த வீடுகளில் ஃபேன் போடமாட்டார்கள். காற்றில் பட்டிழை பறந்து சிக்கிக்கொள்ளும். எனவே ஓடுகிற ஃபேன் என்றாலே எதுவோ கெட்டுப்போகிறது என்று அவருக்கு ஒரு பதற்றம்.

எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருடமாக அவர்தான் அலுவலக உதவியாளர். "காத்து வாங்கிக்கினு படிச்சா மண்டைல ஏறுமா சார்?" என்பார். நாங்கள் வாயை மூடிக்கொண்டு வேர்த்தோம். தலைமையாசிரியர் தணிகாசலம் மட்டும், தன் பள்ளியில் மீட்டரே ஓடுவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பீற்றிக்கொண்டார்.

இந்த வருடம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் வந்தது. கூரையில் சோலார், புது விளக்கு, புது ஃபேன். எங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஏழாம் வகுப்பு தகரக் கூரைக்குக் கீழே நடக்கிறது. ஜூனில் பள்ளி திறந்த வாரமே இரண்டு மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். மானியம் கிடைக்காவிட்டால் இன்னொரு கோடையும் பிள்ளைகள் அங்கேதான் வேக வேண்டும். அறிவியல் வாத்தியார் என்பதால் விண்ணப்பம் என் தலையில் விழுந்தது. ஓடி நான் பார்த்தே இராத அந்த அறை ஃபேனுக்கு எதிரே 'பழுது' என்று எழுதினேன்.

பார்வையிட வந்த இன்ஜினியர் தேவேந்திரன் சிரித்துவிட்டார்.

"முப்பது பர்சென்ட் குறைச்சிக் காட்டணும் சார். நீங்க செலவு பண்றதே கொசுறு. இதுல எதைக் குறைப்பீங்க?"

நாள் முழுக்க மோட்டாரை ஓடவிட்டுத் தெருவுக்கே தண்ணீர் பாய்ச்சிய பள்ளிக்கு மானியம் உண்டாம். ஒழுங்காக இருந்த எங்களுக்கு இல்லையாம்.

மனிதர் நல்லவர். "ரெண்டு மாசம் எல்லாத்தையும் சாதாரணமா போட்டு ஓட்டுங்க. அந்தக் கணக்குலேர்ந்து முப்பது குறைச்சா போதும்னு எழுதிக்கறேன்" என்றார்.

தணிகாசலம் அக்காவைக் கூப்பிட்டார். "ஏம்மா, ரெண்டு மாசம் நீ ஸ்விட்சு பக்கமே போவக்கூடாது. போனா மானியம் அம்போ."

அக்கா தலையாட்டினார். மறுநாள் தலைமையாசிரியரே எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டார். அக்கா வகுப்புகள் பக்கமே வராமல், கேட்டருகே ஸ்டூல் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பழுது என்று நான் எழுதிய ஃபேன் ஜோராக ஓடியது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பேசாமல் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தேவேந்திரன் யூனிட்டைக் குறித்துக்கொண்டு, மானியம் உறுதி என்றார். தணிகாசலம் உடனே, "போம்மா, உன் ஆசை தீர எல்லாத்தையும் அணைச்சுட்டு வா" என்றார்.

அக்கா கிட்டத்தட்ட ஓடினார். ஏழாம் வகுப்பின் ஸ்விட்ச் வெளியே வராந்தாவில், பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருக்கிறது. கை வைக்கப் போனபோது ஜன்னலிலிருந்து அபி கூப்பிட்டாள். ஜூனில் மயங்கி விழுந்தவர்களில் ஒருத்தி.

"புவனாம்மா, கவர்மென்ட்டு குடுத்த புது ஃபேன் செம்மையா இருக்குது. யாருக்குமே இப்ப தல சுத்தறதில்ல."

"புதுசு இன்னும் வர்லமா. இது பழசுதான்."

"பழசா? நல்லாத்தான ஓடுது. அப்ப இவ்ளோ நாளு ஏன் ஓடல?"

அக்கா கையை இறக்கிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார்.

"அந்த ரூமு ஃபேன இனிமே என் கையால அணைக்கமாட்டேன் சார். பாவி, நான்தான் அந்தப் புள்ளைய மயக்கம் போட வச்சிருக்கேன்" என்று எங்கள் முன்னால் அழுதார்.

அக்காவுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வகுப்பில் எட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு நாள்கூட வெளியே வந்து அந்த ஸ்விட்சைப் போட்டுப் பார்த்ததில்லை.