இண்டிகேட்டர் லீவரில் தொங்கிய பை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் வரும், அப்புறம்தான் புத்தி வரும். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்து மனுக் கொடுக்க வருகிறவர்களிடம் கத்திப் பழகிய ஆள் நான். ஓய்வு பெற்றபோது சால்வை, கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் அந்தக் கத்தலையும் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டான். வீட்டில் அதை வாங்கிக்கொள்ள என் மனைவி ஒருத்திதான் இருந்தாள்.

எங்களிடம் ஒரு பழைய கார் உண்டு. நான் வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்தது. ராமநாதபுரத்து உப்புக் காற்று அதன் கதவுகளின் அடிப்பக்கத்தை அரித்து வைத்திருந்தாலும் என்ஜின் மட்டும் நல்ல பிள்ளை. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், சர்க்கரை கண்ணில் இறங்கும் வரைக்கும். மதுரையில் கண்ணுக்கு ஊசி போட்ட டாக்டர், இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்றார். காரை விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். மனைவி மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று.

காரணம் அவளுடைய அக்கா. முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மதினி தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. மிளகாய்க் காட்டைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வராமல் போனபின், சோறு கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பெண் இருக்கிறாள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட என் மனைவிதான் போக வேண்டும். மதினிக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. அறுபது வயதுக்கு மேலும் பாதிக்கு மேல் கறுப்பு. அவர் பெருமைப்பட்டு நான் பார்த்த ஒரே விஷயம் அதுதான். அதைக் காயவைத்துச் சிக்கெடுத்துப் பின்னி முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸில் போனால் முதுகுளத்தூரில் இறங்கி ஊர் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும், திரும்ப நாலு மணி பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. கார் இருந்தால் காலையில் போய் நிதானமாக எல்லாம் செய்துவிட்டு வரலாம்.

அவள் ஒழுங்காகத்தான் ஓட்டக் கற்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இடது பக்க சீட்டில் உட்கார்ந்து அவளுடைய கிளச்சையும் கியரையும் குறை சொல்லிக்கொண்டே வருவேன். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றுக்கும் இண்டிகேட்டர் போடுவாள். எங்கள் தெருமுனையில் நாலு ஆடுகள் மட்டும் படுத்திருக்கும்போதும் போடுவாள். ஆட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் திரும்புவாயா என்று கேலி செய்வேன். நான் ஓட்டிய காலம் முழுக்க ஜன்னல் வழியாகக் கையை நீட்டியே திரும்பிப் பழகியவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மதினி வீட்டுக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டி முதுகுளத்தூர் ரோடு பிரிகிற முக்கில், வலப்பக்கம் திரும்புவதற்காக அவள் இண்டிகேட்டர் லீவரைக் கீழே தள்ளினாள். கடக்கென்று ஒரு சத்தம். லீவர் முறிந்து அவள் கையோடு வந்துவிட்டது. திகைப்பில் அவள் கால் கிளச்சிலிருந்து எழும்ப, வண்டி நடு முக்கில் உதறி நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. முக்கில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கத்தினேன். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது என்பதுகூட எனக்கு நினைப்பில்லை.

“நீ கை வச்ச எதுதேன் உருப்பட்டுருக்கு? இருபது வருசமா நான் ஓட்டுன வண்டி. ரெண்டு மாசத்துல ஒடச்சுப்புட்டியே!”

அவள் என்ஜினைத் திரும்ப உயிர்ப்பித்து, வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நேராக நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டாள். உடைந்த லீவரை என் மடியில் வைத்தாள். “இனி இந்த வண்டியில நான் கை வைக்க மாட்டேன்” என்றாள். எண்ணெய் பாட்டிலும் சீப்பும் இருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கொஞ்ச நேரத்தில் வந்த முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். டீக்கடையில் இருந்த ஒருவர் பரிதாபப்பட்டு எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் மெக்கானிக் பெரியபட்டினத்துக்காரர். ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். போன் செய்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். முறிந்த துண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்குப் புது இண்டிகேட்டர் சுவிட்ச் கிடைப்பது கஷ்டம், சைக்கிள் ஸ்போக் கம்பி ஒரு துண்டு உள்ளே கொடுத்து ஒட்டிவிட்டால் ஓடும், நாளைக்கே தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒட்டுப்போட்ட சாமான் எனக்கு வேண்டாம், எங்கே கேட்டாவது புதுசு வாங்கிப் போடுங்கள் என்றேன். உண்மையைச் சொன்னால், அவள் செய்த சேதம் பெரியது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஒரே நாளில் சரியாகிவிட்டால் என் கத்தலுக்கு என்ன மதிப்பு?

மதுரையில் கேட்டார், திருச்சியில் கேட்டார், கிடைக்கவில்லை. இப்படியே இரண்டு வாரம் போனது. கார் பட்டறையில் நின்றது, மனைவி பஸ்ஸில் போய்வந்தாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் ஊர் பஸ் கைக்கு எட்டாமல் போய்விடும். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, குளிக்க ஊற்றித் துணியை அலசிப் போடுவதற்குள் நாலு மணி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அவசரத்தில் ஈர முடியை அப்படியே கொண்டை போட்டுவிட்டு வந்ததாகவும், உள்ளே எல்லாம் சிக்கு விழுந்துவிட்டதாகவும் ஒருநாள் சொன்னாள். என்னைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இரண்டாவது வாரம் முடிந்து திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். புதுசு கிடைக்காது அண்ணே, நம்ம கையாலே பார்த்துவிடுவோம் என்று மெக்கானிக் சொன்னார். வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டு, ஒரு டயர்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஸ்டியரிங்கைக் கழற்றி, அதன் கழுத்தைச் சுற்றியிருந்த மூடியைத் திறந்தார். திறந்ததும் மூக்கைச் சுளித்தார். அப்புறம் உள்ளேயிருந்த சுவிட்சை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு ஊசியால் எதையோ நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்து மஞ்சளாகிப்போன ஒரு மீன் செதில்.

“அண்ணே, இது அன்னைக்கி ஒடஞ்சது இல்ல. விரிசல் உள்ள கறுத்துப்போயி கெடக்கு பாருங்க. உப்புத்தண்ணி எறங்கி ஸ்பிரிங்கு வரைக்கும் துருவாப் போச்சு. இந்த லீவர்ல என்னத்தத் தொங்கப் போட்டீக?”

மீன் பைதான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெரியபட்டினம் கரைக்குப் போய் விளமீனோ பாறை மீனோ வாங்கிவருவது என் வழக்கம். ஒருமுறை மீன் பையைப் பின்சீட்டின் கீழே வைத்து மறந்துபோய், மறுநாள் தெருவே மூக்கைப் பொத்தியது. கண்ணெதிரே இருந்தால் மறக்காது என்று அதற்குப் பிறகு மஞ்சப்பையை இண்டிகேட்டர் லீவரில்தான் மாட்டிக்கொண்டு வருவேன். கையால் சைகை காட்டுகிறவனுக்கு அந்த லீவரால் வேறு என்ன பிரயோசனம்? எங்கள் பக்கத்தில் மஞ்சப்பையை அதில் மாட்டாத ஆள் குறைவு. நான் மாட்டியது மீன், அதுவும் வருஷக் கணக்கில்.

மெக்கானிக் நல்ல மனுஷர், பெரிதாகச் சிரிக்கவில்லை. பை கனத்தால் லீவர் கீழே இறங்கும், அப்படியானால் மீன் வாங்கிய நாளெல்லாம் வலப்பக்க லைட்டைப் போட்டுக்கொண்டே ஊர் வரைக்கும் வந்திருப்பீர்கள் என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை யாரும் முந்திப் போகாததற்கு அன்றுவரை என் ஓட்டும் லட்சணம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். பழைய வண்டியின் முனகல் என்று நான் விட்டுவிட்ட டிக்டிக் சத்தமும் அதுதானாம்.

அவர் சுவிட்சைப் பெட்ரோலில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, துருவெல்லாம் போகத் துடைத்தார். சைக்கிள் ஸ்போக்கில் விரல் நீளம் வெட்டி, அடுப்பில் சூடாக்கி, முறிந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சொருகினார். மேலே பசை தடவி நூலால் இறுக்கிச் சுற்றினார். ராத்திரி முழுக்கக் காயட்டும், இன்ஷா அல்லா காலையில் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். வண்டி திரும்பி முடித்ததும் லீவரைத் தானாக விடுவிக்கிற பல் தேய்ந்துவிட்டது, இனி நாம்தான் கையால் திருப்பி விட வேண்டும் என்று ஒரு குறையும் சொன்னார். மொத்த வேலையும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்காகத்தான் அவளை இரண்டு வாரம் பஸ்ஸில் அலையவிட்டிருக்கிறேன்.

செதிலை ஒரு தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுப்படியில் நின்றவளிடம் பிரித்துக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முப்பது வருஷத்தில் அவளிடம் நான் தப்பை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை, வெட்கமாகத்தான் இருந்தது. அவள் செதிலைப் பார்த்தாள், தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

“கத்துனது முக்குல. சொல்றது அடுப்படியிலயா?” என்றாள்.

மறுநாள் செவ்வாய். மெக்கானிக் கொண்டுவந்து விட்ட காரின் சாவியை அவள் முன்னால் வைத்தேன். முக்கு வரைக்கும் வா, அங்கே நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், அதற்கு மேலும் மனசில்லை என்றால் அங்கேயே பஸ் ஏறிக்கொள் என்றேன். எண்ணெய் பாட்டில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தாள். முக்கில் ஓரமாக நிறுத்தினாள். நான் இறங்கி டீக்கடைக்குப் போனேன். அன்றைக்கு இருந்த அதே ஆட்கள்தான் பெஞ்சில் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு வண்டியில் ஒடிந்த லீவரை என் மனைவி ஒடிக்கவில்லை, நான்தான் ஒடித்தேன் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த வண்டி? என்னது ஒடஞ்சுச்சு?” என்றார். பெஞ்சில் இருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்களே தவிர, யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. எனக்கு டீ கொடுத்தவருக்கும் இல்லை.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே, “அவுகளுக்கு மறந்துபோச்சு. நாந்தேன் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றாள். பிறகு லீவரைக் கீழே தள்ளினாள், வண்டி முதுகுளத்தூர் ரோட்டில் திரும்பியது. திருப்பம் முடிந்தும் டிக்டிக் சத்தம் நிற்கவில்லை. வழக்கமாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனபின் அவளே லீவரைத் திருப்பி விட்டாள். பத்து மணிக்கெல்லாம் மதினி வீட்டு வாசலில் இருந்தோம்.

மதினி வேப்பமர நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு சுற்றியிருந்தது. காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மனைவி போய், தலைக்கு ஊற்றலாம் என்று துண்டை அவிழ்த்தாள். உள்ளே அந்த நீள முடி இல்லை. காதுக்கு மேலே, ஆண்பிள்ளை கிராப்பு மாதிரி ஒட்ட வெட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட்டுச் சனிக்கிழமை வெட்டச் சொன்னாராம். வாய் கோணிக் குழறும் பேச்சில் மதினி நிதானமாகச் சொன்னார்.

“இந்த முடிக்காகத்தான நீ ரெண்டு பஸ்சு மாறி வெயில்ல அலையிற. அது இல்லாட்டி வாரம் ஒருக்க வந்தாப் போதும்ல. கண்ணு தெரியாத மனுசன வச்சுக்கிட்டு நீயும் எத்தனயத்தேன் பாப்ப. முடிதான தாயி, வளந்துரும்.”

என்னிடமும் அவர் கோணல் வாயோடு சிரித்து, வண்டி சரியாகிவிட்டதா தம்பி என்று கேட்டார். பழைய வண்டி ரிப்பேர், சாமான் கிடைக்கவில்லை என்றுதான் மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள். நான் கத்தியது அவருக்குத் தெரியாது. ஸ்போக் போட்டு ஒட்டிவிடலாம் என்று மெக்கானிக் சொன்ன முதல் நாளே நான் சரி என்றிருந்தால் அந்த முடி இருந்திருக்கும் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எண்ணெய் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டி, “புடிங்க” என்றாள். நான் ஊற்ற ஊற்ற, உள்ளங்கையில் வாங்கி அக்காவின் தலையில் தேய்த்தாள். உச்சியில் தொடங்கிய கை பழக்கத்தில் பிடரியைத் தாண்டி முதுகுவரைக்கும் இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்து, திரும்பவும் உச்சிக்கு ஏறியது.