பேரு என்றால் கொய்யா

பேரு என்றால் மராத்தியில் கொய்யா. இது தெரியாமல்தான் என் மனைவி தாராவிக்கு வந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டாள்.

குழாயடி வரிசையில் நின்றிருக்கிறாள். எதிர் வீட்டு மராத்திக்கார அக்கா, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிய கொய்யாத் துண்டை நீட்டி, "பேரு?" என்றிருக்கிறார். வேண்டுமா என்று கேட்கிறார் அவர். இவளோ பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து, வெட்கத்தோடு தன் பெயரைச் சொல்லிவிட்டாள். ஓஹோ, மதராஸிகள் கொய்யாவை இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தெருவில் கொய்யா வண்டி வந்தால் போதும், அக்கா வாசலில் நின்று என் மனைவியின் பெயரை உரக்கச் சொல்லி அரை கிலோ கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கட்டிக்கொண்டு வந்தவளைத் தராசில் வைத்து நிறுத்தால் யாருக்குத்தான் வராது? விஷயம் தெரிந்து எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அக்கா மாற்றிக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டுப் பக்கம் அந்தப் பெயர் காதில் விழுந்ததே அப்படித்தான். நான் அவளை "ஏளா" என்று மட்டும்தான் கூப்பிட்டேன். ரேஷன் கார்டுக்குக்கூட பெயரை எழுதித்தான் கொடுத்தேன். திருநெல்வேலி ஆண்பிள்ளைக்கு இது போதுமென்று நினைப்பு.

அந்தக் கொய்யாத் துண்டின் விதையைத்தான் அவள் பெயிண்ட் டப்பாவில் போட்டுத் தகரக் கூரைமேல் வைத்தாள். செடி டப்பாவிலிருந்து நீல டிரம்முக்கு மாறியது. செம்பூரில் கீழ்த்தளத்து வீடு அமைந்தபோது, பீரோவுக்கு முன்னால் டெம்போவில் ஏறியது அந்த டிரம்தான். மதிலோரம் மண்ணில் இறங்கியதும் மளமளவென்று வளர்ந்து, வருஷம் தவறாமல் காய்த்தது.

கோடையில் அவள் மரத்துக்குத் தண்ணீர் காட்டமாட்டாள். இலை வாடித் தொங்கும். நான் வாளியை எடுத்தால் பிடுங்கிக்கொள்வாள்.

"எதுக்கு இப்படி ஊத்துதிய? கொஞ்ச நாள் காயட்டும். அப்பந்தான் பூக்கும்."

"ஏளா, ஒனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?"

"ஈரம் இருக்கப்போய்தான் காய விடுதேன்."

நான் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால்தான் எதுவும் ஓடும் என்பது என் கட்சி.

அவள் போன பிறகு வாளியைப் பிடுங்க ஆளில்லை. காலையும் மாலையும் ஊற்றினேன். எருவிலும் யூரியாவிலும் குறை வைக்கவில்லை. மரம் கரும்பச்சையாய்த் தழைத்தது, பூ மட்டும் வரவில்லை. ஒரு வருடம் போனது, அடுத்ததும் போனது. இதுவும் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டதே என்று இன்னும் ஒரு வாளி ஊற்றுவேன். அவள் கையால் வைத்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதில் இன்னொரு முறை காய் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

போன கோடையில் முட்டி ஆபரேஷன். மரத்தை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, முலுண்டில் மகள் வீட்டில் போய்க் கிடந்தேன். மகளும் மருமகனும் காலையிலேயே லோக்கல் ரயில் பிடிக்க ஓடிவிடுவார்கள். டீ வேண்டுமென்றால் நானே வாக்கரை ஊன்றி எழுந்து போட வேண்டும். முதலில் திட்டிக்கொண்டே போட்டேன். பிறகு சோறும் வைத்தேன். ஒருநாள் நான் வைத்த ரசத்தை மகள் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

திரும்பி வந்தால் மரம் மொட்டையாக நிற்கிறது. வாட்ச்மேன் ஏதோ கல்யாணமென்று ஊருக்குப் போயிருந்தார். சருகுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை. மனசு கேட்காமல் அடிமண்ணைக் கொத்தி, எரு போட்டுத் தண்ணீர் விட்டேன். மழையும் பிடித்துக்கொண்டது. துளிர் வந்தது, துளிரோடு கணுவுக்குக் கணு மொட்டும் வந்தது. "அப்பந்தான் பூக்கும்" என்று அவள் சொன்னது அப்படியே காதில் கேட்டது. முலுண்டில் என்னையும் இப்படித்தான் காய விட்டிருக்கிறார்கள் என்று தோன்ற, நெடுநாள் கழித்துச் சிரித்தேன்.

குளிர் தொடங்கியபோது காய்கள் பழுத்தன. இப்போது தேவ்நாரில் மகனோடு இருக்கும் அந்த மராத்திக்கார அக்கா என்னைப் பார்க்க வந்தார். அவள் போன நாளிலிருந்து என் முன்னால் அவர் கொய்யாவை அந்தப் பெயரால் சொன்னதே இல்லை. அன்றும் மரத்தடியில் நின்று, கண்ணைச் சுருக்கி மேலே பார்த்து, மெதுவாக, "பேரு?" என்றார்.

கிளையை வளைத்து ஒரு பழத்தைப் பறித்து அவர் கையில் வைத்தேன். அவள் பெயரைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.