பக்கத்து சீட்டில் ஒரு பை

கயத்தாறில் நான் ஏறும் பஸ்ஸில் எனக்கென்று ஒரு இடம் எப்போதும் இருக்கும். கோவில்பட்டியில் ஏறும் மாடத்தி பிடித்து வைத்திருப்பாள். இருவருக்கும் மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் (மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் கதிர்வீச்சு) எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பேச்சில் அது ‘கரண்ட் வைப்பது’. வீட்டில் அழ முடியாததையெல்லாம் அந்த சீட்டில்தான் அழுதோம்.

1999 அக்டோபரில் ஒருநாள், என் இடத்தில் அவளுடைய பை இருந்தது.

“முன்னால போயி உக்காருங்கக்கா” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. “ஏட்டி, எனக்கு வந்ததுதான உனக்கும் வந்திருக்கு? பெறகென்ன அருவருப்பு?”

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உடைந்து அழுதாள். ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் யுரேனியக் கரைசலை அளவுக்கு மீறி ஒரே தொட்டியில் ஊற்றினார்களாம்; நீல வெளிச்சம் பளிச்சென்று அடித்ததாம்; ஊற்றியவர்கள் உயிருக்குப் போராடுகிறார்களாம். பேப்பரில் படித்திருக்கிறாள்.

“எங்க தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்குன குச்சியக் குவிச்சுப் போட விடமாட்டாவ. ஒண்ணு பிடிச்சா அம்புட்டும் போயிரும். நம்ம ரெண்டு பேரு உடம்புலயும் கரண்டு ஏறியிருக்கு. ஒட்டி உக்காந்தா என்னத்துக்கு ஆகும்? நீங்க பிள்ளகுட்டிக்காரி. நான் இனிமே வரலக்கா.”

அடிப்பாவி! என்னைக் காப்பாற்றத்தான் பையை வைத்திருக்கிறாள். சிகிச்சையைப் பாதியில் விட்டால் இவள் கதி என்ன? கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் சிரிக்கவில்லை. அணுகுண்டு செய்யத் தொடங்கிய நாற்பதுகளிலிருந்தே இத்தகைய விபத்துகள் உண்டாம். ஆராய்ச்சிக்கூடத்தில் உலோகத் துண்டுகளையோ சிறிய அணு உலையையோ சோதிக்கும்போது கை தவறி நேர்வது ஒரு வகை. ஜப்பானில் நடந்ததுபோல, தொழிற்சாலையில் கரைசல் பொருந்தாத பாத்திரத்தில் அளவுக்கு மேல் சேர்ந்து நேர்வது இன்னொரு வகை. எதுவானாலும் பிளவுபடு பொருள் (யுரேனியம், புளூட்டோனியம் போன்றவை) ஓரிடத்தில் போதுமான அளவு சேர வேண்டும். அப்போதுதான் ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும், அது நிற்காமல் பெருகும்.

“உங்களுக்குள்ள அந்தப் பொருள் துளிகூட இல்லம்மா. மெஷின்ல இருந்து வர்றது டார்ச் வெளிச்சம் மாதிரி. நிறுத்திட்டா உடம்புல எதுவும் தங்காது.”

“அப்ப நாங்க சேந்து உக்காரலாமா?”

“மடியிலயே உக்காருங்க.”

திரும்பும்போது பை அவள் மடியில் இருந்தது. சிகிச்சையையும் முடித்தாள். இதைப் படிக்கும் உங்களுக்கும் ஏதாவது பயம் இருந்தால், எவ்வளவு கோணலாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காத பயம்தான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

வருடங்கள் ஓடிவிட்டன. கரண்ட் வைத்த இடத்தில் தோல் கறுத்து, கோடைக் கரிசலாக வறண்டிருக்கிறது. முன்பெல்லாம் உடம்பு வேலை செய்ய மட்டும்தான். இப்போது காலையில் எழுந்ததும் அதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன். காலத்தை ஒரு செக்கப்பிலிருந்து அடுத்த செக்கப் வரை என்றுதான் எண்ணுகிறேன். பரவாயில்லை, நிறையவே கிடைத்திருக்கிறது.

போன தடவை செக்கப்புக்குப் போனபோது பஸ் காலியாகக் கிடந்தது. மாடத்தி என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இம்புட்டு இடம் கெடக்கே, தள்ளித்தான் உக்காரேன்ட்டி.”

“மாட்டேன்” என்று இன்னும் நெருங்கினாள்.