மலையில் அளந்த இரண்டு நாள்

நான் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பத்திரிகை முதலில் பக்கங்களைக் குறைத்தது, பிறகு ஆட்களைக் குறைத்தது. குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. சில மாதங்கள் கழித்து ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் ஒப்பந்த உதவியாளராகச் சேர்ந்தேன். குழுவின் தலைவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியை. அவருடன் இயந்திரவியல் படித்த இளைஞர் ஒருவரும், மண்ணையும் செடியையும் ஆராய்பவர் ஒருவரும் இருந்தார்கள். மூவருக்கும் தமிழ் தெரியாது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கைக்கத்தரியால் கொழுந்து எடுப்பதையும், இருவர் தூக்கிப் பிடிக்கும் மோட்டார் இயந்திரத்தால் எடுப்பதையும் ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்பது திட்டம். நேர்முகத்தில் எனக்குத் தமிழ் வருமா என்று கேட்டார்கள். அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் பிறந்தேன் என்றேன். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

என் வேலை கடினமானதல்ல. ஒரு நிரையில், அதாவது ஒரு செடி வரிசையில், ஆள் இறங்கும் நேரம், முடிக்கும் நேரம், சாக்கின் எடை ஆகியவற்றை எழுத வேண்டும். சரிவு, மழை, செடியின் உயரம் என்று படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டம் 'குறிப்பு'. வழக்கத்துக்கு மாறாக எதைக் கண்டாலும் அதில் எழுதும்படி பேராசிரியை பயிற்சியின்போது இரண்டு முறை சொன்னார். "நீங்கள் நிருபராக இருந்தவர். எங்கள் கண்ணைவிட உங்கள் கண் கூர்மை" என்றும் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் நாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில், கங்காணி ஆள் பிரித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் போய் நின்றோம். பனி இன்னும் விலகவில்லை. இயந்திரங்களைத் தூக்கிப் போனவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்து இளைஞர்கள். கைக்கத்தரி கேங்கில் ஒன்பது பெண்கள், எல்லாரும் தமிழர்கள், எல்லாரையும் எனக்குத் தெரியும். அவர்களில் மூத்தவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. என் அம்மாவோடு ஒரே கேங்கில் இருந்தவர். அறுபது தாண்டிவிட்டதால் ஆண்டுதோறும் வேலையை நீட்டித்துத் தந்துகொண்டிருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடும் இருக்கும்.

"டிவியிலயா வரும்?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

"டிவி இல்லக்கா. யுனிவர்சிட்டி."

"எஸ்பிஎம் பரீட்சையே தாண்டாத கூட்டத்தப் பாத்து யுனிவர்சிட்டில என்னத்தப் படிக்கப் போறாங்க?"

"ஒன் வாயப் பத்திப் படிப்பாங்கடி. ரெண்டு புஸ்தகம் வரும்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டே, "சும்மா இருங்கடி. நம்ம லயத்துப் புள்ள வந்திருக்கு. பெரிய படிப்புப் படிச்சவங்க முன்னால அது தல நிமிந்து நிக்க வேணாமா? செப்பாட்டா எறங்குங்கலா" என்றார்.

அவர்கள் இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கொழுந்து எடுப்பவர்களுக்கென்று ஒரு நிதானம் உண்டு. ஒரு நிரை முடிந்ததும் நிமிர்வார்கள். கத்தரியில் ஒட்டிய இலையைத் தட்டுவார்கள். யாரையாவது வம்புக்கு இழுப்பார்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் கால் வைத்து மெதுவாக இறங்குவார்கள். நாள் முழுக்க, மாதம் முழுக்க, ஆண்டு முழுக்கத் தாங்க வேண்டிய உடம்பை அப்படித்தான் வைத்திருக்க முடியும். அன்று யாரும் நிமிரவில்லை. பேச்சே இல்லை. ஒன்பது கத்தரிகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. நிறுவைக்கு முந்திய கடைசி நிரையில், முதலில் முடித்தவள் திரும்பி வந்து, பிந்தியவளின் நிரையில் எதிர்ப்பக்கமிருந்து எடுத்துக்கொண்டு வருவாள். இருவரும் நடுவில் சந்திப்பார்கள். எடுத்த கொழுந்து பிந்தியவளின் சாக்குக்குப் போகும். எல்லாரும் ஒன்றாக மேலே ஏற வேண்டும் என்பதற்காக அது. கங்காணியும் கண்டுகொள்ள மாட்டார். அன்று அதை முதல் நிரையிலிருந்தே செய்தார்கள். அத்தைக்கு இடது முழங்கால் வலி. அவர் பிந்திப்போனது வெளியாட்களுக்குத் தெரியக் கூடாது என்று அவர்களுக்குள் யாரும் பேசி வைத்ததாகத் தெரியவில்லை. தானாக நடந்தது.

என் சட்டைப்பையில் பத்திரிகைக் காலத்து வழக்கப்படி ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் எழுதினேன். இப்போதும் என்னிடம் இருக்கிறது. "பத்து மணி. தேத்தண்ணி நின்றபடி. யாரும் உட்காரவில்லை. அத்தை இடது காலை மடக்காமல் இறங்குகிறார். நான்காம் நிரையில் பாதி அவர் எடுத்தது அல்ல." எழுதி முடித்துவிட்டு, படிவத்தை எடுத்து நான்காம் நிரையின் நேரத்தையும் எடையையும் அத்தையின் எண்ணுக்கு நேராக நிரப்பினேன். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மதியம் பேராசிரியை படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். கைக்கத்தரியும் இந்தச் சரிவில் இயந்திரத்தைவிடப் பெரிதாகப் பின்தங்கவில்லை என்பதைப் பார்த்து இயந்திரவியல் இளைஞர் முகம் சுருங்கினார். பேராசிரியை மகிழ்ந்தார். இத்தனை சீராக வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது ஒரு வழக்கமான நாள்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட வேண்டும் என்ற கவலை இருந்தது உண்மை. ஆனால் அதைவிட அந்தப் பெருமை பெரிதாக இருந்தது. நான் பிறந்த லயத்துப் பெண்கள் என் முன்னால், எனக்காக, ஓர் இயந்திரத்தோடு போட்டி போட்டார்கள். அதை நடிப்பு என்று அந்தப் பேராசிரியையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடிப்பு என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. வழக்கத்தைவிட வேகம் என்று இரண்டு வார்த்தை போதும். நோட்டில் எழுதிய கையால் படிவத்திலும் எழுதியிருக்கலாம்.

இரண்டாம் நாளும் அதேபோல் நடந்தது. மாலையில் அத்தை லோரியின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "எப்படி? ஒன் மானத்தக் காப்பாத்திட்டோமா?" என்றார்.

"காப்பாத்திட்டீங்கத்தே" என்றேன்.

அறிக்கை வெளிவந்தது. ஒப்புக்கொண்டபடி தோட்டத்து அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போனது. நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருந்தது. சில மாதங்களில் பெரட்டுக் களத்துப் பலகையில், எந்த மலையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்று புதிய அளவு எழுதிப் போட்டார்கள். கேங்கில் ஒருத்தி போன் செய்து வேறு ஏதோ பேசிவிட்டு இதையும் சொன்னாள். "கிலோவ ஏத்திட்டாங்கலா. முதுகு போச்சு" என்று சிரித்தாள். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. போனை வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

ஆண்டு முடியும்போது அத்தையிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"பாப்பா, அத்தை பேசுறேன். சாப்டியா? ஒரு ஒதவி வேணும். இந்த வருசம் எக்ஸ்டென்சன் கெடைக்குமான்னு ஆபீசுல கணக்கு பாக்குற கிராணி ஒரு மாதிரியா பேசுறாரு. போர்டுல போட்ட கிலோ எனக்கு வர மாட்டேங்குது. கால் கேக்கல. அன்னிக்கு ஒங்க புரொபசர் அம்மா நேர்ல பாத்தாங்கல்ல நான் எப்படி எடுத்தேன்னு? அத ஒரு லெட்டரா எழுதி வாங்கிக் குடு பாப்பா. படிச்சவங்க சொன்னா மேனேசர் துரை நம்புவாரு."

அதை மூன்று முறை கேட்டேன். அவருக்கு எதிராக நின்ற சான்றையே அவர் தனக்குச் சாட்சியாகக் கேட்டார்.

அந்த வாரமே தானா ராத்தாவுக்குப் பேருந்து ஏறி, அங்கிருந்து வாடகைக் காரில் தோட்டத்துக்குப் போனேன். அத்தையின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், முன்னறையில் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நீட்டிக்கப்படாவிட்டால் வீட்டை ஒப்படைத்துவிட்டு ஈப்போவில் மகன் குடியிருக்கும் மூன்றாம் மாடிக்குத்தான் போக வேண்டும். அங்கே லிஃப்ட் கிடையாது. இதையெல்லாம் அத்தை அடுப்படியில் நின்று, புகாராக அல்லாமல், பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார். பிறகு, "லெட்டரு கொண்டாந்தியா?" என்று கேட்டார்.

"அத்தே, போர்டுல போட்ட கிலோ அந்த ரெண்டு நாளு எழுதுனத வெச்சுத்தான் வந்துச்சு."

"எந்த ரெண்டு நாளு?"

"நீங்கள்லாம் ஓடி ஓடி எடுத்தீங்களே, அந்த ரெண்டு நாளு. தெனமும் இப்படித்தானான்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

அத்தை அடுப்பை அணைத்தார்.

"ஒனக்குத் தெரியாதா? ஒங்கம்மா எடுத்ததப் பாத்து வளந்தவதான நீ?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் நோட்டை எடுத்தேன். துரையிடம் இதைக் காட்டி, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். "படி" என்றார். படித்தேன். நான்காம் நிரைக்கு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இதக் கொண்டு போயி துரைகிட்ட குடுத்தா மத்ததுங்க கதி என்ன? ஒருத்தி சாக்குல இன்னொருத்தி கொழுந்தப் போட்டான்னு கிராணி புடிச்சுக்குவாரு. இவ்வளவு நாளா அப்படித்தான் செஞ்சீங்களான்னு கேப்பாரு."

"பேரு போடாம எழுதுறேன்."

"ஒம்போது பேருல யாருன்னு கண்டுபுடிக்கப் பேரு எதுக்குலா? எழுதாத. நான் பாத்துக்கிறேன்."

அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல. நிம்மதி. துரையின் முன்னால் போய் நிற்க வேண்டாம், கையெழுத்திட்ட படிவங்களை நானே பொய் என்று சொல்ல வேண்டாம் என்ற நிம்மதி. இதை இங்கே எழுதாமல் மற்றதை எழுதிப் பயனில்லை.

கோலாலம்பூருக்குத் திரும்பிய பிறகு பேராசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த இரண்டு நாளும் வேகம் வழக்கத்தைவிட அதிகம் என்று எழுதினேன். ஒருவர் நிரையில் இன்னொருவர் எடுத்ததைச் சொல்லவில்லை. அத்தை தடுத்ததால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே காரணம் காட்டிக்கொண்டேன். அவர் தடுக்காத ஒன்றையும் நான் எழுதவில்லை. வழக்கமான நாளா என்று பேராசிரியை கேட்டபோது தெரிந்தே ஆமாம் என்றேன் என்பதுதான் அது. அதற்குப் பதிலாக, 'பின்னர் எனக்குத் தோன்றியது' என்று எழுதியிருந்தேன்.

மரியாதையான பதில் வந்தது. எல்லாப் படிவங்களிலும் என் கையெழுத்து இருப்பதையும், குறிப்புகள் எதுவும் இல்லை என்பதையும் சுட்டியிருந்தார். அடுத்த கட்டுரையில் இதை ஆய்வின் வரம்புகளில் ஒன்றாகச் சேர்க்கலாம் என்றார். அறிக்கையை வைத்துத் தோட்டம் என்ன முடிவெடுக்கிறது என்பது ஆய்வின் எல்லைக்கு வெளியே என்றும் எழுதியிருந்தார். அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் நம்பினார்.

அத்தைக்கு வேலையை நீட்டிக்கவில்லை.

அவர்கள் வீடு காலி செய்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். கேங்கில் எல்லாரும் வந்திருந்தார்கள். அலமாரி, கட்டில், சாமிப் படங்களைச் சுற்றிய போர்வை எல்லாம் லோரியில் ஏறின. மாமாவை முன்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அளக்கப் போன முதல் நாள் காலையில் என்னிடம் டிவியில் வருமா என்று கேட்டவள்தான் இப்போதும் கேட்டாள்.

"லெட்டரு கெடைக்கலியா பாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "அது எனக்காக எவ்வளவோ அலைஞ்சுச்சுடி. பெரிய எடத்துல நம்ம பேச்ச யாரு கேக்குறா?"

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. லோரியின் படியில் கால் வைக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைத் தாண்டிக் கை நீட்டி, கேள்வி கேட்டவளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

லோரி ரிங்லெட் பக்கம் திரும்பி மறைந்தது. பெண்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். அவர்களுக்கு மறுநாள் காலை அதே மலை, அதே பலகை. அவர்களில் ஒருத்தி என் முதுகில் தட்டினாள்.

"நீ ஏன் மொகத்த இப்படி வெச்சிருக்க? ஒன்னால முடிஞ்சதச் செஞ்சியே."

நான் தலையாட்டினேன்.