அம்மாவின் போனில் ஏறிய கம்பைலர்

நான் வேலைக்கு விண்ணப்பித்த கம்பனி ரயில் சிக்னலுக்கான மென்பொருளை ஏடா என்ற கணினி மொழியில் எழுதுகிறது. ஏடா பிடிவாதமான மொழி. மீட்டரையும் கிலோமீட்டரையும் தெரியாமல் கூட்டிவிட்டால், திருத்தும்வரை நகரவிடாது. நானும் பிடிவாதக்காரிதான், எங்களுக்குள் ஒத்துப்போனது. வட்டகொடையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை வேறு. பிழையுள்ள ஒரு புரோகிராமை அனுப்பி, திருத்தி ஓடவைத்துத் திங்கட்கிழமைக்குள் தரச் சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

மொழி தெரியும், அதை ஓடவைக்கும் கம்பைலர்தான் இல்லை. எந்தெந்த மெஷினுக்குக் கிடைக்கும் என்ற பட்டியலைத் திறந்து, தோட்டத்துக் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடக் காத்து நிற்பவளைப்போல மேலிருந்து கீழே பார்த்தேன். விண்டோஸ் உண்டு, லினக்ஸ் உண்டு, மெக் உண்டு. எல்லாம் அறுபத்து நான்கு பிட். நகத்தளவு சில்லுக்குக்கூட ஒன்று இருந்தது. என்னுடைய முப்பத்திரண்டு பிட் லெப்டொப்பை மட்டும் எவரும் சீந்தவில்லை. தேடிப்பிடித்த பழைய கம்பைலர் பதிப்போ, கம்பனியின் புரோகிராமில் முதல் வரியையே ஏற்க மறுத்தது. ஹட்டனில் லெப்டொப் திருத்தும் கடைக்கார நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி இதற்குச் செலவழிக்க வேண்டாம் என்று சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பட்டியலின் கடைசி வரி நினைவுக்கு வந்தது: ஏ.ஆர்.எம். சில்லில் ஓடும் லினக்ஸ். அம்மாவின் போனில் இருப்பது அதே வகைச் சில்லு. உள்ளே ஒரு லினக்ஸைப் போட்டால் கம்பைலரும் ஏறிவிடும்.

போனில்தான் இடமில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அழிக்கத் தொடங்கினேன். காலை வணக்கம் சொல்லும் ரோஜாக்கள் போயின, அடுத்த வீட்டு ஆட்டின் பதினொரு படங்கள் போயின, தேர்த் திருவிழாவும் போனது. அப்படியும் போதவில்லை. பெரிதாக மிஞ்சியது அக்காவின் கல்யாண வீடியோ.

"அது அக்காகிட்ட இருக்கு. அழிச்சிரு" என்றார் அம்மா. அழித்துவிட்டேன்.

சனியும் ஞாயிறும் இரண்டு கட்டைவிரல்களால் தட்டினேன். ஞாயிறு மாலை புரோகிராம் ஓடியது. நேர்முகத்தில் எந்த மெஷினில் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அம்மாவின் போனில் என்றேன். சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்தது, புது லெப்டொப்பும் வந்தது.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த அக்காவிடம், புது லெப்டொப்பில் போட்டு வைக்கலாமென்று அந்த வீடியோவைக் கேட்டேன். தன்னிடம் எப்போதுமே இருந்ததில்லை, அம்மாவின் போனில் மட்டும்தான் இருந்தது என்றாள். நேரே அடுப்படிக்குப் போனேன்.

அம்மா அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா பொய் சொன்னீங்க?"

அம்மா வடையைத் திருப்பிப் போட்டார். "உண்மையச் சொல்லியிருந்தா நீ அழிச்சிருப்பியா?"