வலது காதுக்கு மேலே ஒரு வட்டம்

ஆசிரியர் வேலைக்கான உத்தரவு கைக்கு வந்த வாரம்தான் அம்மா அதைக் கண்டுபிடித்தாள். தலை பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. வலது காதுக்கு மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். ஒரு முடிகூட இல்லை.

"குளத்தாங்கரைத் துணிய மிதிச்சியாடி?"

திருநள்ளாற்றில் எங்களுக்கு நல்லெண்ணெய்க் கடை. வெளியூர்க்காரர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உடுத்திய துணியை அங்கேயே விட்டுப் போவார்கள். அது பட்டால் அவர்களுடைய சனி நம்மிடம் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வர்ற சனிக்கிழமை ஒனக்கு மொட்டை. வேண்டிக்கிட்டேன்."

"மொத நாளே மொட்டைத் தலையோட வகுப்புல போய் நிக்கவா?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அங்கே டீச்சராக நுழையும் நாளில் தலைநிறைய முடி வேண்டும் எனக்கு. மூன்று மாதம் பொறுக்கச் சொன்னேன். அதற்குள் வளராவிட்டால் நானே போய்த் தலையைக் கொடுக்கிறேன் என்றேன். அம்மா ஒப்புக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. பூண்டை நசுக்கித் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிவிட்டாள்.

காரைக்காலில் தோல் டாக்டரம்மா அவளைத்தான் முதலில் பிடித்தார். "பூண்டு ரசத்துக்கும்மா, தலைக்கு இல்ல." லென்ஸ் வைத்துப் பார்த்தார். வட்டத்தின் ஓரத்து முடியை இழுத்துப் பார்த்தார். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். அதில் கோளாறு இல்லை.

"புழுவெட்டுன்னு சொல்றது இதுதான். புழுவும் இல்ல, தொத்துநோயும் இல்ல. நோயை எதுத்து நிக்கிற அணுக்களே ஆள் தெரியாம முடி வேரத் தாக்குது. வேர் சாகல, வளரும்."

"அப்ப அந்தத் துணி?" என்றாள் அம்மா.

"எந்தத் துணிங்க?"

புண் ஆறியதும் மாதம் ஒருமுறை வட்டத்துக்குள் பொடிப்பொடியாக ஊசி. கண்ணில் நீர் முட்டும். வட்டம் தெரியாமல் பக்கவாட்டில் முடியை இழுத்து மூடி, ஊக்குக் குத்திக்கொண்டு பாடம் நடத்தினேன்.

மூன்றாவது மாதம் ஒரு காலை, தலை வாரிய அம்மா அலறினாள். "ஐயையோ, நரைச்சுல்ல மொளைச்சிருக்கு!"

"மொதல்ல வெள்ளையா வரும், பொறவு கறுக்கும்னு டாக்டரம்மா சொல்லலயா? வெள்ளையோ கறுப்போ, முடிதானம்மா? நீ தோத்துட்ட."

அம்மா அந்தப் பூனைமுடியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வேண்டுதல் என்னாவுறது?" என்று சீண்டினேன்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ கெளம்பு, மணி அடிச்சிருவாங்க."

அன்று ஊக்குக் குத்தாமல் போனேன்.